பழுதான சங்கிலி ரம்பத்தை வீட்டுப் பட்டறையிலேயே புதுப்பிக்கலாம்

(கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் நடந்த உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாளை இங்கே அமர்ந்திருக்கும் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அன்றுதான் வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தது. நம் திருவள்ளூர் மாவட்டத்தில் மாந்தோப்புகளிலும் சவுக்குத் தோப்புகளிலும் மரங்கள் சாய்ந்து கிடந்தன. பாதைகள் அடைபட்டன. அந்த வாரத்தில் மரம் அறுக்க ஆளும் கிடைக்கவில்லை, மிஷினும் கிடைக்கவில்லை.

அப்போது ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு விவசாயியின் வீட்டுக்குப் போயிருந்தேன். இருபது வயது மாமரங்கள் ஏழு சாய்ந்து கிடந்தன. வியாபாரி வந்து விறகு விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். அடிமரத்தை அளவாக அறுத்துப் பலகைக்குக் கொடுத்தால் நல்ல விலை உண்டு. ஆனால் அறுப்பது எப்படி? மாட்டுக் கொட்டகை மூலையில் ஒரு சங்கிலி ரம்பம் இருந்தது. இரண்டு ஆண்டுகளாக அது ஓடவில்லை. "இதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று பையன் சொல்கிறான், ஐயா" என்றார் அவர். சைலன்சரைக் கழற்றி உள்ளே பார்த்தோம். பிஸ்டன் கீறிப் போயிருந்தது, சிலிண்டர் நன்றாகவே இருந்தது. சென்னைக்கு ஆள் அனுப்பிப் பிஸ்டனும் ரிங்கும் வாங்கி வந்தோம். நான்காம் நாள் மிஷின் ஓடியது. மரமும் பலகை விலைக்குப் போயிற்று.

பழைய இரும்பு என்று நாம் ஒதுக்கும் ரம்பங்களில் பல அப்படி ஒதுக்க வேண்டியவை அல்ல. எதைச் சரி செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும். அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் மிஷினைப் புரிந்துகொள்ளுங்கள்

சங்கிலி ரம்பத்தில் இருப்பது இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். உங்கள் டிராக்டர் எஞ்சினுக்கு அடியில் ஆயில் தொட்டி உண்டு. இதற்கு அது கிடையாது. பெட்ரோலில் நாம் கலந்து ஊற்றும் 2டி ஆயில் மட்டுமே பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் மசகு. டிராக்டர் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,000 சுற்று ஓடும். இந்தச் சின்ன எஞ்சின் 12,000 சுற்றையும் தாண்டும். அவ்வளவு வேகத்தில் சில நொடிகள் ஆயில் இல்லாமல் போனாலும் அலுமினியப் பிஸ்டன் உருகிச் சிலிண்டரில் ஒட்டிக்கொள்ளும். இதைத்தான் "சீஸ் ஆகிவிட்டது" என்கிறோம்.

ஆகவே, பழுது பார்க்கும்போது எது கெட்டது என்று மட்டும் பார்க்காதீர்கள். ஏன் கெட்டது என்று பாருங்கள். காரணத்தை விட்டுவிட்டுப் புதுப் பிஸ்டன் போட்டால், அடுத்த தோப்பு முடிவதற்குள் அதுவும் போய்விடும்.

பிரிக்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

ஒன்று, அழுத்தம். ஸ்டார்ட்டர் கைப்பிடியை மட்டும் பிடித்து மிஷினை மெல்லத் தூக்குங்கள். நல்ல எஞ்சினாக இருந்தால் மிஷின் விட்டு விட்டு மெதுவாக இறங்கும். தடையே இல்லாமல் சரசரவென்று இறங்கினால் ரிங்கோ பிஸ்டனோ தேய்ந்திருக்கிறது.

இரண்டு, நெருப்பு. பிளக்கைக் கழற்றித் தொப்பியில் மாட்டி, அதன் உலோகப் பகுதி சிலிண்டரைத் தொடும்படி வைத்துக் கயிற்றை இழுங்கள். நீலப் பொறி வர வேண்டும். பிளக்கின் இடைவெளி அரை மி.மீ. இருக்கட்டும். புதுப் பிளக்கிலும் பொறி இல்லையென்றால் காயிலுக்கும் பிளைவீலுக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். 0.3 மி.மீ. வேண்டும். விசிட்டிங் கார்டு ஒன்றை நடுவில் செருகி, காயிலை அழுத்திப் பிடித்து ஸ்குரூவை முறுக்கினால் அளவு சரியாக வரும். துரு பிடித்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.

மூன்று, எரிபொருள். தொட்டிக்குள் இருக்கும் வடிகட்டியையும் குழாயையும் கொக்கிக் கம்பியால் வெளியே இழுத்துப் பாருங்கள். குழாய் பிசுபிசுத்தோ வெடித்தோ இருந்தால் மாற்றுங்கள். பாதி மிஷின்கள் இதிலேயே சரியாகிவிடும்.

நான்கு, பிஸ்டன். சைலன்சரைக் கழற்றினால் பிஸ்டன் கண்ணுக்குத் தெரியும். டார்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டனின் கீறலே மிஷினின் நோய்க் குறிப்பு. சைலன்சர் பக்கம் மட்டும் கீறியிருந்தால், காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்து எஞ்சின் சூடேறியிருக்கிறது. கார்புரேட்டர் பக்கம் கீறி மங்கிப் போயிருந்தால், ஏர் பில்டர் வழியாகத் தூள் உள்ளே போயிருக்கிறது. சுற்றிலும் கீறியிருந்தால், ஆயில் கலக்காத பெட்ரோலை யாரோ ஊற்றியிருக்கிறார்கள்.

செலவைக் கூட்டிப் பாருங்கள்

சோதனை முடிந்ததும் ஒரு காகிதத்தில் தேவையான சாமான்களை எழுதி விலை கேளுங்கள். பிஸ்டன், ரிங், சீல், கேஸ்கட், கார்புரேட்டர் டயாஃப்ரம், செயின் ஆகிய இவ்வளவுதான் என்றால் தயங்காமல் செய்யுங்கள். கிராங்க், பேரிங், சிலிண்டர் மூன்றும் போயிருந்தால் நின்று யோசியுங்கள். சாமான் செலவு புது மிஷின் விலையில் பாதியைத் தாண்டினால், அதைச் சாமானுக்காக வைத்துக்கொள்வதே மேல். ஒரே மாடலில் இரண்டு பழுதான மிஷின்கள் கிடைத்தால் ஒரு நல்ல மிஷினை உருவாக்கலாம்.

பேரிங்கையும் ஆயில் சீலையும் மிஷின் பெயர் சொல்லித்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. பேரிங் மேல் எண் பொறித்திருக்கும். சீலில் உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் என்று மூன்று அளவுகள் இருக்கும். அவற்றைக் குறித்துக்கொண்டு காலையில் கும்மிடிப்பூண்டியில் மின்சார ரயில் ஏறினால், சென்னை பாரிமுனையில் லிங்கிச் செட்டித் தெருப் பக்கம் வாங்கிக்கொண்டு மாலைக்குள் வீடு திரும்பலாம். பேரிங் வாங்கும்போது மட்டும் அதிவேகத்துக்கு ஏற்றதா என்று கேட்டு, நல்ல தயாரிப்பாக வாங்குங்கள்.

சிலிண்டரைப் போரிங் செய்யாதீர்கள்

இதை அழுத்திச் சொல்கிறேன். என் சொந்த அனுபவம் இது. வேலை கற்றுக்கொண்ட புதிதில், கீறல் விழுந்த ஒரு ரம்பச் சிலிண்டரை மோட்டார் சைக்கிள் சிலிண்டர் மாதிரி போரிங் செய்யச் சொல்லி ஒரு லேத் பட்டறையில் கொடுத்தேன். அழகாகப் பளபளப்பாக வந்தது. மிஷின் ஒரு மணி நேரம்கூட ஓடவில்லை.

காரணம் என்ன? பழைய மோட்டார் சைக்கிள் சிலிண்டருக்குள் வார்ப்பிரும்புக் குழல் இருக்கும். கடைந்து பெரிதாக்கலாம். ரம்பத்தின் சிலிண்டர் அலுமினியம். உட்புறத்தில் குரோமியமோ, நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் சேர்ந்த கலவையோ ஏறக்குறைய ஒரு தலைமயிரின் பருமனுக்குப் பூசப்பட்டிருக்கும். அந்தப் பூச்சுதான் தேய்மானத்தைத் தாங்குகிறது. கடைந்தால் பூச்சு போய்விடும். பிறகு அலுமினியத்தின் மேல் அலுமினியம் உரசும். சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்தில் திறமையான கடைசல் பட்டறைகள் உண்டு. பிளைவீல் கழற்றும் புல்லர் செய்யவும், பிய்ந்த மரையைச் சரி செய்யவும் அவர்களிடம் போங்கள். சிலிண்டர் கடைய மட்டும் போகாதீர்கள்.

அப்படியானால் கீறிய சிலிண்டரை என்ன செய்வது? பெரும்பாலும் கீறலாகத் தெரிவது, பூச்சின் மேல் ஒட்டியிருக்கும் பிஸ்டன் அலுமினியம்தான். காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைக்கும். குரோமியத்தையும் நிக்கலையும் கரைக்காது. சிறிது காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, குச்சியில் பஞ்சு சுற்றி, ஒட்டியிருக்கும் இடத்தில் மட்டும் தடவுங்கள். நுரைத்துக் கரையும். துவாரங்களின் ஓரத்தில் வெறும் அலுமினியம் தெரியும். அங்கே படக் கூடாது. நுரை நின்றதும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, மெல்லிய எமரித் தாளால் குறுக்கு மறுக்காகத் தேய்த்துத் துடைத்துவிடுங்கள். விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கும் சிக்காவிட்டால் சிலிண்டர் பிழைத்தது. பள்ளத்தில் நகம் சிக்கினால் பூச்சே போய்விட்டது. சிலிண்டரை மாற்றத்தான் வேண்டும்.

காஸ்டிக் சோடா கண்ணில் பட்டால் பார்வையே போகும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கட்டாயம். தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. கரையும்போது எரியக்கூடிய வாயு வரும். ஆகவே வெட்டவெளியில் செய்யுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் வேண்டாம். குழந்தைகளையும் அண்டவிடாதீர்கள்.

பிரிப்பதிலும் பூட்டுவதிலும் கவனம்

கிளட்ச்சைக் கழற்றும்போது எஞ்சின் சுற்றாமல் இருக்க, சிலர் பிளைவீல் இறக்கையில் ஸ்குரூ டிரைவரைக் கொடுப்பார்கள். இறக்கை உடையும். அதற்குப் பதிலாகப் பிஸ்டனை மேலேற்றி, அது சைலன்சர் துவாரத்தை மூடிய பிறகு, பிளக் துளை வழியாக நைலான் கயிற்றை நுழையுங்கள். பிஸ்டன் கயிற்றின் மேல் முட்டி நிற்கும். பெரும்பாலான ரம்பங்களில் கிளட்ச்சுக்கு இடது மரை. கடிகார முள் போகும் திசையில் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் எதிர்த் திசையில் பலம் காட்டி மரையைக் கெடுத்தவர்கள் அநேகர்.

ரிங்கைப் பிஸ்டனில் மாட்டும் முன் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, இரு முனைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பீலர் கேஜால் அளவுங்கள். ஒரு மி.மீ.க்கு மேல் இருந்தால் அந்த ரிங் பயன்படாது. பிஸ்டன் தலையில் உள்ள அம்புக் குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். ரிங்கின் வாய், பள்ளத்தில் உள்ள சிறு ஆணியில் பொருந்த வேண்டும். பழைய சர்க்ளிப்பைத் திரும்பப் போடாதீர்கள். பத்து ரூபாய்ச் சாமான் நழுவிச் சிலிண்டரையே நாசமாக்கும். சிலிண்டர் போல்ட்டுகளை எதிர் எதிர் மூலையாக, சிறிது சிறிதாக முறுக்குங்கள்.

அடுத்து, பெரும்பாலோர் செய்யாத ஒரு சோதனை. காற்றுக் கசிவு பார்ப்பது. கிராங்கின் இருபுறமும் உள்ள ஆயில் சீல் கிழிந்திருந்தால் எஞ்சின் அந்த வழியாக வெறுங் காற்றை இழுக்கும். பெட்ரோலும் ஆயிலும் குறையும், பிஸ்டன் மறுபடி எரியும். சைக்கிள் டியூப் துண்டுகளை வைத்துச் சைலன்சர் துவாரத்தையும், கார்புரேட்டர் துவாரத்தையும், அதன் பக்கத்திலுள்ள சிறு காற்றுத் துளையையும் அடையுங்கள். பிஸ்டனைக் கீழே இறக்கி வையுங்கள். பிளக் துளையில் பழைய பிளக்கின் கூட்டை மாட்டி, அதில் ஒரு குழாய் பொருத்துங்கள். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் ரப்பர்ப் பந்தும் அளவியும் இதற்குப் போதும். 300 வரை காற்றேற்றி, சோப்புத் தண்ணீரைச் சீல்களின் மேல் தடவுங்கள். ஒரு நிமிடம் முள் இறங்காமல் நின்றால் எஞ்சின் உறுதி. குமிழி வரும் இடம் கசிவு.

கார்புரேட்டரும் இன்றைய பெட்ரோலும்

ரம்பத்தை எப்படிச் சாய்த்தாலும் ஓட வேண்டும் என்பதால் இதன் கார்புரேட்டரில் மிதவை கிடையாது. மெல்லிய டயாஃப்ரம்தான் பெட்ரோலை அளந்து விடுகிறது. அது விறைத்துப்போனால் மிஷின் சூட்டில் நிற்கும், வேகம் ஏறாது. டயாஃப்ரம் செட் மாற்றுவது அரை மணி வேலை. மாற்றியபின் எல், எச் என்று குறியிட்ட இரு ஸ்குரூக்களையும் மெல்ல மூடி, ஒரு சுற்றுத் திறந்து வைத்து ஓட்டிப் பாருங்கள். அதிக வேகம் வேண்டுமென்று எச் ஸ்குரூவை மூடிக்கொண்டே போகாதீர்கள். சத்தம் இனிமையாகத்தான் இருக்கும்; பிஸ்டன் உள்ளே உருகிக்கொண்டிருக்கும்.

இப்போது நம் பம்புகளில் கிடைப்பது 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் கடற்கரைப் பக்கத்தில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. நீர் அதிகமானால் எத்தனாலும் நீரும் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். வடிகட்டி அடியில் கிடப்பதால் எஞ்சின் முதலில் அதைத்தான் குடிக்கும். அதில் ஆயில் இருக்காது. ஆகவே, ஒரு வாரத்துக்கு வேண்டிய அளவே கலந்து வையுங்கள். வேலை முடிந்து மாதக்கணக்கில் வைப்பதானால் தொட்டியைக் காலி செய்து, மீதி தீரும் வரை ஓட்டி நிறுத்துங்கள்.

கலவை அளவு மிஷினோடு வந்த புத்தகத்தில் இருக்கும். 25:1 என்றால் ஒரு லிட்டருக்கு 40 மி.லி. ஆயில். 50:1 என்றால் 20 மி.லி. மூடி அளவு, கண் அளவு வேண்டாம். மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசிக் குழலால் அளந்து ஊற்றுங்கள்.

பல் போனால் தொழில் போச்சு

பல் போனால் சொல் போச்சு என்பது பழமொழி. ரம்பத்துக்குப் பல் போனால் தொழிலே போச்சு. எஞ்சினைக் குறை சொல்லும் பலர் செயினைப் பார்ப்பதே இல்லை. நல்ல செயின் சீவல் சீவலாகத் தள்ளும். மழுங்கிய செயின் மாவாகத் தூளைக் கொட்டும், புகையும், நாமும் பலங்கொண்டு அழுத்துவோம், எஞ்சின் சூடேறும்.

இந்தப் பல்லின் கதை உங்களுக்குப் பிடிக்கும். 1946இல் அமெரிக்காவின் ஆரிகான் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்பவர், ஒரு மரக்கட்டையில் வண்டின் புழு மரத்தைக் குறுக்கிலும் நெடுக்கிலும் எளிதாக அரித்துக்கொண்டு போவதைக் கண்டார். புழுவின் வாயில் இடமும் வலமுமாக இரண்டு வளைந்த தாடைகள். அதைப் பார்த்தே இடப்பல், வலப்பல் என்று மாறி மாறி வரும் செயினைச் செய்தார். 1947இல் அதைத் தயாரித்து விற்கத் தொடங்கினார். இன்று உங்கள் மிஷினில் ஓடுவதும் அந்த வகைப் பல்தான். நம் மாமரத்தைத் துளைத்துச் சாகடிக்கும் தண்டுத் துளைப்பான் புழுவும் அதே நீள்கொம்பு வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது.

இரண்டு தாடையும் ஒரே அளவாக இருந்தால்தான் புழு நேராகப் போகும். செயினும் அப்படியே. உருண்டை அரத்தால் உள்ளிருந்து வெளிப்பக்கமாக, 30 பாகைச் சாய்வில், எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் அரம் போடுங்கள். ஒரு பக்கத்துப் பல் குட்டையானால் வெட்டு வளைந்து போகும். சிறு செயினுக்கு 4 மி.மீ. அரம், நடுத்தரமான .325 அங்குலச் செயினுக்கு 4.8 மி.மீ. அரம். பல்லுக்கு முன்னால் உள்ள கட்டை மேடு, பல்லைவிட ஏறத்தாழ 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். வேகமாக வெட்டும் என்று அதை மேலும் அராவினால் செயின் மரத்தைக் கவ்வி, மிஷின் முகத்தை நோக்கித் துள்ளும். பல்லின் நீளம் 4 மி.மீ.க்குக் குறைந்தால் செயினை மாற்றுங்கள்.

புதுச் செயின் மாட்டும்போதெல்லாம் பாரை மேல் கீழாகத் திருப்பிப் போடுங்கள். ஓரத்தில் எழும்பிய பிசிரைத் தட்டை அரத்தால் எடுங்கள். இரண்டு செயினுக்கு ஒரு ஸ்பிராக்கெட் என்பது கணக்கு. கழிவு எஞ்சின் ஆயிலைச் செயினுக்கு ஊற்றாதீர்கள். அதிலுள்ள உலோகத் தூள் பாரையும் ஆயில் பம்பையும் அரித்துவிடும். ஆயில் வருகிறதா என்று அறிய, பார் நுனியை வெள்ளைத் தாளுக்கு எதிரே காட்டி மிஷினை ஓட்டுங்கள். தாளில் ஆயில் கோடு விழ வேண்டும்.

உயிருக்கு மேல் மரம் இல்லை

கடைசியாக ஒன்று. செயின் நொடிக்கு ஏறக்குறைய 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. செயின் பிரேக் வேலை செய்யாத மிஷினை ஓட்டக் கூடாது. "தொல்லையாக இருக்கிறது" என்று அதைக் கழற்றி எறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மிஷினைப் பூட்டி முடித்ததும் முதல் சோதனை இந்த பிரேக்தான். மெதுவான ஓட்டத்தில் செயின் அசையாமல் நிற்க வேண்டும் என்பது இரண்டாவது சோதனை. பார் நுனியின் மேல்பகுதி எதிலும் படக் கூடாது. பட்டால் மிஷின் பின்னுக்குத் துள்ளும்.

புயலில் விழுந்த மரம் நின்ற மரத்தைவிட ஆபத்தானது. வளைந்து அழுந்திக் கிடக்கும் கிளை, வெட்டியதும் வில் மாதிரி அடிக்கும். அடிமரத்தை அறுத்ததும் வேர்க்கட்டு சட்டென்று எழும்பிக் குழிக்குள் திரும்ப விழும். மரத்தின் மேல் மின்கம்பி கிடந்தால், மின்வாரியத்தார் வந்து பார்த்துச் சொல்லும் வரை கிட்டப் போகாதீர்கள். கண்ணாடி, காதடைப்பான், கனமான செருப்பு, தோல் கையுறை இல்லாமல் மிஷினைத் தொடாதீர்கள். தனியாகத் தோப்புக்குள் போகாதீர்கள்.

புதிதாகப் பிஸ்டன் போட்ட மிஷினை முதல் மூன்று தொட்டி பெட்ரோலுக்குச் சிறு கிளைகளில் மட்டும் பழக்குங்கள். மரமில்லாமல் முழு வேகத்தில் முறுக்காதீர்கள். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் ஏர் பில்டரைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். கணக்குப் பார்த்தால் அந்த ஐந்து நிமிடம்தான் பிஸ்டனின் ஆயுள்.

வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் வரும். புயல் எந்த ஆண்டு வரும் என்று நமக்குத் தெரியாது. ஆகவே, ஆவணி, புரட்டாசியிலேயே கொட்டகை மூலையில் கிடக்கும் மிஷினை எடுத்துத் துடைத்துச் சைலன்சரைக் கழற்றிப் பாருங்கள். மரம் சாய்ந்த மறுநாள் மிஷினைப் பிரிப்பதால் பயனில்லை. நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு பீலர் கேஜ், ஒரு புல்லர், நல்ல அரங்கள் வாங்கிப் பொதுவில் வைத்துக்கொண்டால் செலவும் குறையும். கைப்பழக்கமும் ஊருக்குள் தங்கும். உங்கள் மிஷினை நீங்களே பிரித்துப் பூட்டிவிட்டால், அடுத்த புயலுக்குப் பிறகு விறகு விலையா பலகை விலையா என்பதை வியாபாரி அல்ல, நீங்கள் சொல்வீர்கள்.

இப்போது மேசைக்கு அருகே வாருங்கள். ஒரு மிஷினைப் பிரித்துப் பார்ப்போம்.